அண்ணன் டிக் அடித்த கட்டம்

எங்கள் அலுவலகத்தில் காலை வேலை ஊதுவதில் தொடங்கும். மில்பிடாஸில், ஃப்ரீவே இரைச்சல் கண்ணாடிக்குள்ளும் கேட்கிற ஒரு தாழ்வான கட்டடம். நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். வருடம் 2006. எனக்கு இருபத்து நான்கு வயது. டெஸ்ட் எஞ்சினியர் என்று பெயர். மற்றவர்கள் கட்டியதை உடைத்துப் பார்ப்பது வேலை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அதைச் செய்து திட்டு வாங்கியவள் என்பதால் எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஒவ்வொருவராக வந்து மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, அட்டைக் குழாயை வாயில் வைத்து, நெஞ்சு காலியாகும் வரை ஊத வேண்டும். சோதிக்கப் புதுப் புது மூச்சு தேவை. எங்கள் டீம் லீட் கோயம்புத்தூர்க்காரர், கொஞ்சம் பருமன். ஊதி முடிக்கும்போது முகம் தக்காளியாகிவிடும். "போதுமுங்க, உசுரே போயிருச்சு" என்று நாற்காலியில் சரிவார். திரையில் அவருடைய மூச்சு ஒரு குன்று மாதிரி எழுந்து இறங்கியிருக்கும்.

எங்களுக்கு முன்பே வந்துவிடுகிறவர் ஒருவர் உண்டு. கருவி சரியாக அளக்கிறதா என்று தினமும் சரிபார்க்கும் டெக்னீஷியன். ஐம்பதை நெருங்கிய கறுப்பினப் பெண்மணி, ஓக்லாந்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். அவரிடம் சரியாக மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்தது. அதைக் கருவியில் செருகி நிதானமாக அழுத்துவார். மூன்று என்று காட்டினால் அன்றைய நாள் நல்ல நாள். என்னை அவர் ஹனி என்று கூப்பிடுவார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இப்போது நினைத்தால் எனக்கு அது தமிழிலேயே கேட்கிறது.

ஒரு வியாழக்கிழமை, ஊத ஆள் கிடைக்காமல், நான் என் ஒரே மூச்சை வைத்துக்கொண்டு திரையில் இருந்த கட்டங்களை மட்டும் மாற்றிப் பார்த்தேன். வயதை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன். எதிர்பார்த்தபடி முடிவு மாறியது. பிறகு இனம் என்ற கட்டம். வெள்ளையர் என்று வைத்தால், அளவு குறைவு, மருத்துவரைப் பார்க்கவும். ஆசியர் என்றால், எல்லைக்கோட்டில். கறுப்பினத்தவர் என்றால் நார்மல், பச்சை எழுத்தில். மூச்சு ஒன்றுதான். முதல்நாள் இரவு எனக்குச் சளி, அதனால் சரியாக ஊதவில்லை, அவ்வளவுதான். ஆனால் மூன்று முடிவுகள்.

மென்பொருளில் பிழை, எங்கள் பேச்சில் பக், பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். படங்களோடு எழுதிப் போட்டேன். மத்தியானமே லீட் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மிணி, நீங்க போட்டதைப் பாத்தனுங்க. அது பக் இல்லீங்க. ரெக்வயர்மெண்டே அப்படித்தான். கறுப்பினம்னா எதிர்பார்க்கிற அளவையே கொஞ்சம் கொறச்சுக்கோணும்."

"ஏன் கொறைக்கணும்?"

"டேபிள்ல, அந்த அளவுப் பட்டியல்ல, அப்படி இருக்குதுங்க."

"டேபிளுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அதுக்கு முந்தின டேபிள்ல இருந்து."

"அதுக்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மிணி, எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங் இருக்குதுங்க."

என் பக் மூடப்பட்டது. வடிவமைத்தபடியே இயங்குகிறது என்று ஒரு வரி. அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலையே நூலகத்துக்குப் போய்விட்டேன்.

இந்தக் காலத்தில் என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது வேறு கதை. நானும் என் மூத்த அண்ணனும் ஒரு இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் இருந்தோம். எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்க முஸ்லிம் வீடுகளில் மூத்த அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. சன்னிவேலில் வேலை அவருக்கு. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் எஞ்சினியர் இல்லை, தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவர். ஒரு கடைவரிசையின் பின்பக்கம் வாடகைக்கு எடுத்த ஹாலில்தான் நாங்கள் கூடித் தொழுவோம். ஒலிபெருக்கி கிடையாது. அண்ணன் காதில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் அது தேவையும் இல்லை. ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் இழுத்து, அவசரமில்லாமல் கொண்டுபோய் இறக்குவார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார் எதிர்க் கடை மெக்சிகோக்காரர்.

அந்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிக்கு வாருங்கள் என்று அழைக்கிற வரியின் நடுவில் அவருக்கு மூச்சு அறுந்தது. இருமினார். வேறொருவர் முடித்துவைத்தார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று செல்போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பார். எனக்குத் தெரியும், அந்தப் படியில் சிக்னலே கிடைக்காது.

நான் நச்சரித்து கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே, எங்கள் கருவி இல்லை, வேறு கம்பெனிக் கருவி, அதில் ஊதவைத்து நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். வேலை டென்ஷனாக இருக்கும், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்றார்களாம்.

"டாக்டரே சொல்லியாச்சு புள்ள. இனி மூச்சு வாங்குனா அது என் மனசு பண்ற சேட்டை" என்றார்.

ஊரிலிருந்து போனில் எங்கள் அம்மா, அதாவது உம்மா, "பொரோட்டாவக் கொறைக்கச் சொல்லு அவன" என்றார். நண்பர்கள், ரமலான் நெருங்கும்போது பாங்கு சொல்லக் காக்கா வெட்கப்படுகிறார் என்று கேலி செய்தார்கள். ரமலான் செப்டம்பர் கடைசியில் வந்துகொண்டிருந்தது. முப்பது நாளும் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கை அவர்தான் சொல்வார், நான்கு வருடமாக. இந்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் போனில் மெதுவான குரலில் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். தனக்கு நோய் இருக்கிறது என்பதைவிட, நோய் ஒன்றும் இல்லை என்று சொன்னதுதான் அவரை அப்படிச் சுருட்டிப் போட்டிருந்தது.

இப்போது நூலகம். வேறு ஊர் நூலகங்களிலிருந்தெல்லாம் வரவழைத்துத் தருகிற வசதி அங்கே உண்டு. நான் அதைத் துஷ்பிரயோகம் செய்தேன் என்றே சொல்லலாம். வாரம் ஐந்தாறு புத்தகங்கள். மதியச் சாப்பாட்டில் யாரும் கேட்காமலே கதை சொல்வேன். லீட் தயிர்சாதத்தோடு வேறு மேஜைக்குப் போக ஆரம்பித்தார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், இந்த நாட்டின் தெற்கு மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில், அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்க உடைமையாளர்கள் டாக்டரை அழைப்பார்கள். அங்கே நோயாளி யார் என்பதே எனக்கு முதலில் பிடிபடவில்லை. படுத்திருப்பது ஒருவர். டாக்டரிடம் கேள்வி கேட்பது இன்னொருவர். இவன் எப்போது வயலுக்கு வருவான், இவள் இன்னும் பிள்ளை பெறுவாளா என்பவைதான் கேள்விகள். கறுப்பு உடம்புக்கு வலி குறைவு என்று எழுதிவைத்துக்கொண்டு, மயக்கமருந்து இல்லாமலே அடிமைப் பெண்களைக் கத்தியால் கீறிப் பழகியிருக்கிறார்கள். தோட்டத்தைவிட்டு ஓடிப்போக நினைப்பதை ஒரு நோய் என்று சொல்லி அதற்கொரு கிரேக்கப் பெயர் சூட்டினார் ஒரு டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நூலகத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. அதே டாக்டர்தான், இங்கிலாந்தில் அப்போது புதிதாக வந்திருந்த மூச்சளக்கும் கருவியைக் கொண்டு, கறுப்பர்களின் நுரையீரல் வெள்ளையர்களுடையதைவிடச் சிறியது என்று எழுதியவர். சிறிய நுரையீரல், ஆகவே மந்தமான ரத்தம், ஆகவே கட்டாய வேலைதான் அவர்களுக்கு மருந்து, விடுதலை கொடுத்தால் உடம்பு கெடும். இவ்வளவையும் ஒரு கருவியிலிருந்து அவர் எடுத்துவிட்டார்.

நான் தினமும் காலையில் ஊதுகிற கருவியின் தாத்தா அது.

பிறகு உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி அளந்தார்கள். கறுப்புச் சிப்பாய்களின் அளவு குறைவாக வந்தது. நேற்றுவரை அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தரையில் படுத்தார்கள், எந்தத் தூசியைச் சுவாசித்தார்கள் என்று கேட்டிருக்கலாம். பிறவியிலேயே அப்படி என்று வைத்துக்கொண்டது சுலபமாக இருந்திருக்கிறது. அங்கிருந்து பாடப்புத்தகம், பாடப்புத்தகத்திலிருந்து டேபிள், டேபிளிலிருந்து அதற்கடுத்த டேபிள். லீட் சொன்னது சரிதான். நடுவில் பல நல்ல டாக்டர்கள் நல்ல எண்ணத்தோடு அளந்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் கேள்வியை யாரோ கேட்ட விதத்திலேயேதான் அது ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதி கேட்டுக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு உதாரணமாகக் காட்டலாமே என்று அவருடைய கிளினிக் ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து உருவினேன். மேல் மூலையில், பொடி எழுத்தில், பெயருக்கும் உயரத்துக்கும் கீழே, இனம்: கறுப்பினம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"காக்கா! இதப் பாருங்க! உங்க நெறத்தப் பாத்துட்டு அந்தக் கிளினிக் டெக்னீஷியன் ஒரு வார்த்தை கேக்காம போட்டிருக்கா! அதான் நார்மல்னு வந்திருக்கு! நாளைக்கே நான் கம்ப்ளைண்ட் பண்றேன். யாருன்னு நெனைச்சா நம்மள?"

அவர் திரும்பவில்லை. மீனை இன்னும் கவனமாகக் கழுவினார்.

"கம்ப்ளைண்ட்லாம் வேணாம் புள்ள."

"ஏன் வேணாம்? எப்பப் பாத்தாலும் பயந்துக்கிட்டே—"

"நாந்தான் டிக் பண்ணேன்."

"எதை?"

"அதை."

குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி நின்றார்.

"ஃபார்ம்ல கட்டம் கட்டமா கேட்டிருந்தான். ஒயிட்டுன்னு இருந்துச்சு. அது நான் இல்ல. ஏசியன்னு போட்டு பக்கத்துல சைனீஸ், ஜாப்பனீஸ்னு எழுதியிருந்தான். அதுவும் நான் இல்ல. அப்புறம் பிளாக்குன்னு இருந்துச்சு. நம்ம உம்மாவே எனக்குப் பொண்ணு கேக்குற எடத்துல, பையன் கொஞ்சம் கறுப்புன்னுதானே பேச்ச ஆரம்பிக்கிறாங்க? கலரு கேக்குறான்னு நெனைச்சேன். உண்மையப் போட்டேன்."

"அதர்னு ஒண்ணு இருந்திருக்குமே!"

"இருந்துச்சு. நான் எதுக்குப் புள்ள அதரு? பெத்தவங்க பேரு தெரியாதவன் மாதிரி."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, இருமல் நிற்கவே இல்லை. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது என் சிரிப்பும் போய்விட்டது. என் நூலகப் படிப்பும் கிளினிக்கின் நார்மலும் இருந்து என்ன, என் அண்ணனுக்கு நிஜமாகவே மூச்சு கிடைக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். டாக்டர் களைத்துப்போன, நேர்மையான பெண். நான் கையில் ஒரு நோட்டும் நாக்கு நுனியில் நூற்றைம்பது வருட வரலாறுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் இரண்டு வரியிலேயே கையை உயர்த்தினார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கட்டத்தை மாற்றினால் அளவு குறைவு என்று வரும் என்பதை நான் சொல்வதற்குள் அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

"சரி, நீங்க எந்தக் கட்டம்?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"தெரியல டாக்டர்" என்றார் அண்ணன், மிக மரியாதையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, கட்டம் கிடக்கட்டும், இன்னொரு விதமாகப் பார்க்கலாம் என்றார். அண்ணனை ஒருமுறை ஊதச் சொன்னார். மருந்து பம்பை வாயில் வைத்து இழுக்கச் சொன்னார். கால்மணி நேரம் வெளியே உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார். இரண்டு கோடுகளும் ஒரே தாளில் வந்தன. முதல் கோடு கரையில் ஒதுங்கிய படகு மாதிரி கிடந்தது. இரண்டாவது நிமிர்ந்து எழுந்திருந்தது. அண்ணனை அவரோடே ஒப்பிட்டால் போதும், அதற்கு எந்த டேபிளும் வேண்டாம் என்பது, தினமும் இதே கருவியோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

ஆஸ்துமா. மருந்தால் கட்டுக்குள் வைக்கக்கூடிய, சர்வ சாதாரணமான ஆஸ்துமா. பார்க்கிங்கில் அண்ணன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். நோய் இருக்கிறது என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"பொரோட்டா இல்லைன்னு உம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை, ஊதுகிற வரிசை கலைந்ததும், டெக்னீஷியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தில் டிக் அடித்த இடம் வந்தபோது அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிஞ்சைத் துணியால் துடைத்தபடியே கேட்டார்.

"உன் அண்ணனுக்குக் கட்டம் தப்பு, ஹனி. அதைக் கண்டுபிடிச்சிட்ட, நல்லது. கட்டம் சரியா இருக்கிற ஆளுக்கு?"

நான் கையிலிருந்த மூக்குக் கிளிப்பை மேஜையில் வைத்தேன்.

அவருடைய அப்பா கிழக்கு டெக்ஸாஸிலிருந்து வந்து இங்கே கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவராம். தூசி வேலை. வருடா வருடம் ஊதவைப்பார்கள். வருடா வருடம் நார்மல். "கடைசி வருஷம் கட்டிலேருந்து எழுந்திருக்க முடியல. அப்பவும் நார்மல்தான்" என்றார். சாதாரணமாக, பஸ் லேட் என்று சொல்கிற குரலில். பிறகு சிரிஞ்சைக் கருவியில் செருகி அழுத்தினார். திரையில் மூன்று என்று வந்தது. "இதுகிட்ட மட்டும் யாரும் இனம் கேக்குறதில்ல" என்றார்.

அண்ணன் விஷயத்தில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டிருந்தேன் இல்லையா. நான் கண்டுபிடித்தது, எங்கள் வீட்டு ஆள் தப்பான வரிசையில் நின்றுவிட்டார் என்பதை மட்டும். வரிசையே எதற்கு என்று அன்றுதான் கேட்கத் தோன்றியது.

மூடிய பக்கைத் திறக்க முடியாது. ஆகவே புதிதாக ஒரு கோரிக்கை எழுதினேன்: ரிப்போர்ட்டில், இனத்துக்காகக் குறைக்காத அளவோடு ஒப்பிட்ட சதவீதத்தையும் கீழே ஒரு வரியாக அச்சிட வேண்டும். முதல் தடவை எழுதியதில் தோட்டம், அடிமை, போர், டெக்னீஷியனின் அப்பா எல்லாம் இருந்தது. லீட் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மிணி, இத்தனை சரித்திரம் வேண்டாமுங்க. படிக்கிறவன் பயந்துக்குவான். ஒரு வரிதானுங்களே வேணும்? பேப்பர்ல எடம் இருக்குதா?"

"இருக்கு. கீழ ரெண்டு வரி காலி."

"அப்புறம் என்ன. டாக்டருக்குக் கூடுதல் தகவல்னு எழுதுங்க. நானே எடுத்துட்டுப் போறேன்." கொஞ்ச தூரம் நடந்து திரும்பிவந்தார். "அந்தக் கப்பல் அப்பா கதைய அவங்களே சொன்னாங்களுங்களா?"

"ஆமா."

"ம்" என்றார். அன்றைக்கு அவர் என் மேஜையிலேயே தயிர்சாதம் சாப்பிட்டார்.

கம்பெனியின் மருத்துவக் குழுவோடு இரண்டு கான்ஃபரன்ஸ் கால். மூன்று வாரம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், விருப்பப்பட்டவர்கள் செட்டிங்ஸில் போய் ஆன் செய்துகொள்ளலாம் என்று. தானாக வராது. எனக்கு முணுமுணுப்புதான். ஆனால் அந்த வரி முதல்முதலாக அச்சாகி வந்த தாள் டெக்னீஷியனுடையது. அவரே ஊதினார், அவரே செட்டிங்ஸில் ஆன் செய்தார், அவரே பிரிண்டரிலிருந்து எடுத்தார். மேலே ஒரு சதவீதம், கீழே, குறைக்காத அளவோடு ஒப்பிட்டதால், அதைவிடக் குறைந்த ஒரு சதவீதம். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தன் டாக்டரிடம் காட்டப்போவதாகச் சொன்னார். காட்டினார் என்பதும் எனக்குத் தெரியும்.

ரமலானின் இரண்டாவது சனிக்கிழமை நோன்பு திறப்புக்கு அவரை ஹாலுக்கு அழைத்தேன். சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் பக்கத்தில் ஆன்ட்டிகள் அவருக்கு நாற்காலி போட்டு, பேரீச்சம்பழத் தட்டை நீட்டி, இன்னும் நேரம் ஆகவில்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நோன்புக் கஞ்சி பெரிய அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அதுவரை வேறொருவர் சொல்லிவந்த பாங்கைச் சொல்ல, அந்த ரமலானில் முதல்முறையாக அண்ணன் முன்னால் போனார். போகும் வழியில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பம்ப் இருக்கிறதா என்று. ஆறு வாரமாக மருந்து எடுத்திருந்தார். வீட்டில் குளியலறையில் பழகிப் பார்த்ததை நான் கேட்காத மாதிரி இருந்தேன். காதில் கையை வைத்தார். ஆரம்பித்தார்.

முதல் வரிகள் நன்றாகவே போயின. தொழுகைக்கு அழைக்கிற வரியும் போயிற்று. வெற்றிக்கு வாருங்கள் என்ற அந்த வரி வந்தபோது நான் என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். இன்னும் இழுத்தார். பக்கத்தில் டெக்னீஷியன், தொழில் பழக்கம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். வரி முடிந்தது. இரண்டாவது தடவையும் முடிந்தது. நான் மூச்சை விட்டேன்.

"ஒன்பது நொடி. அப்புறம் பத்து" என்று என் காதில் சொன்னார்.

பேரீச்சம்பழத் தட்டு மறுபடி வந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு அண்ணனிடம் போனேன். எல்லாரும் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் மட்டும் ஒரு சுணக்கம்.

"என்ன காக்கா, நல்லாத்தானே போச்சு?"

"கடைசி வரிய அவசரப்பட்டுட்டேன் புள்ள" என்றார். "நாளைக்கு இன்னும் நிறுத்திச் சொல்லணும்."